4 வயசுப் பையனுக்குக் குடலிறக்க ஆபரேஷன்: முன்னாடி மூக்கில் மயக்க மருந்து அடிப்பார்களாம், பயமில்லையா?

தடப்பள்ளி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. கோபிக்குப் பக்கத்தில் கிராமம். பையனுக்கு நாலரை வயது, 16 கிலோ எடை. வலது தொடை இடுக்கில் அழும்போதும் முக்கும்போதும் சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம், தானாகச் சரியாகாது, ஆபரேஷன்தான் வழி என்று குழந்தைகள் சர்ஜன் சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை ஈரோட்டில் தேதி.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு வெசனம் இல்லை. தினமும் செய்கிறவர்கள், செய்துவிடுவார்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தை நினைத்தால்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

காரணம் இருக்கிறது. போன தைப்பொங்கலுக்கு அப்புச்சி தோட்டத்துக்குப் போயிருந்தோம். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டி மேலே ஏறி விழுந்து புருவம் கிழிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம் (பெயர் வேண்டாம்). தையல் போட நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தலையை, ஒருவர் காலை, இரண்டு பேர் ஆளுக்கொரு கையை. நான் அழுதுகொண்டிருந்ததால் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். "அம்மா வா, அம்மா வா" என்று கத்திக்கொண்டே இருந்தான். கடைசியில் குரல் கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. மொத்தம் மூன்று தையல், பத்து நிமிட வேலை. அதற்கப்புறம் மூன்று மாதம் படுக்கையிலேயே ஒன்றுக்குப் போனான். அதுவரைக்கும் அந்தப் பழக்கம் விட்டே போயிருந்தது. முடிவெட்டுகிற கடையில் வெள்ளைத் துணியைப் போர்த்தினால் இன்றைக்கும் உடம்பு விறைத்துப்போகிறது.

இப்போது ஈரோட்டில் மயக்க டாக்டரைப் பார்த்தபோது, "காலையில் மூக்கில் ஒரு மருந்து அடிப்போம்மா, உங்க மடியிலேயே தூங்கிடுவான், அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார். கேட்கவே நன்றாக இருந்தது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், நான் எதையும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, "மூக்குல விட்டா நேரா மூளைக்குப் போயிருமே சாமி" என்கிறார். வீட்டுக்காரரின் அண்ணன், பழக்கமாகிவிடும் என்கிறார். இரண்டு பேரும் பையன் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள், அதனால் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை.

அது என்ன மருந்து, எரியுமா, எவ்வளவு நேரத்தில் தூங்குவான், பாதியில் விழித்துக்கொண்டால் என்ன ஆகும், மூச்சுக்கு ஆபத்து உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இன்னொரு தடவை அவனைப் பிடித்து அமுக்க விடமாட்டேன் என்று எனக்குள் முடிவு பண்ணியிருக்கிறேன்.

தாராபுரம் அப்பா:

அம்மா, என் பெண்ணுக்கு ஆறு வயதில் டான்சில் எடுத்தோம். அவளுக்கும் மூக்கில்தான் மருந்து, மிடசோலம் என்று பெயர். ஒளிக்காமல் சொல்கிறேன், எரிந்தது. அடித்த உடனே இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் அழுதாள். தொண்டைக்குள் கசப்பு இறங்கியதும் துப்பப் பார்த்தாள்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆளே மாறிவிட்டாள். தூங்கவில்லை. தலை லேசாக ஆடியது, என்னைப் பார்த்துச் சிரித்தாள், சுவரில் இருந்த மிக்கி மவுஸ் படத்தோடு பேசினாள். சிஸ்டர் தூக்கிக்கொண்டபோது டாட்டா காட்டிவிட்டுப் போனாள். உள்ளே போனதைப் பற்றிச் சாயங்காலம் கேட்டால் ஒன்றுமே ஞாபகம் இல்லை. அந்த வகையில் மருந்து தன் வேலையைச் செய்தது.

தப்பு என்னுடையது. அடிப்பதற்கு முன்னால், "சென்ட் மாதிரி வாசமா இருக்கும் அம்மிணி" என்று சொல்லிவிட்டேன். உள்ளே போனதையெல்லாம் மறந்தவள், எரிந்ததையும் அப்பா சொன்ன பொய்யையும் மறக்கவில்லை. அது மருந்து பிடிப்பதற்கு முன்னால் நடந்தது அல்லவா. இரண்டு வருஷம் ஆகிறது, சளிக்குப் போடுகிற சாதாரண உப்புத்தண்ணி சொட்டு மருந்தைக்கூட மூக்குப் பக்கம் கொண்டுபோக விடமாட்டாள். இப்போது காதில் நீர் கோர்த்திருக்கிறது, சின்னக் குழாய் வைக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நானும் இந்தக் கேள்விக்கு வரும் பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

மயக்கவியல் ஈரோடு:

நான் இந்த வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். உங்கள் பையனை நான் பார்த்ததில்லை, அதனால் அவனுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் மயக்க டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். பொதுவாக எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தால் மூன்று மாதம் படுக்கையை நனைத்த குழந்தை என்று படித்ததும் சுருக்கமாக எழுத மனம் வரவில்லை.

முதலில் ஒன்று. மூக்கில் அடிப்பது ஆபரேஷனுக்கான முழு மயக்கம் அல்ல. பயத்தைத் தணிக்கிற முன்மருந்து. தூக்கம் போன்ற நிலைக்குக் கொண்டுபோய், அம்மா மடியிலிருந்து தியேட்டர் மேசை வரைக்கும் உள்ள தூரத்தை அழுகையில்லாமல் கடக்க வைக்கும். அதற்கப்புறம்தான் மாஸ்க்கில் மயக்க வாயு, பிறகு கையில் ஊசி.

ஏன் மூக்கு? வாயில் கொடுத்தால் மிடசோலம் கசக்கும், பாதியைத் துப்பிவிடுவார்கள். விழுங்கியதிலும் பெரும்பகுதியை ரத்தத்தில் முழுதாகக் கலக்கும் முன்பே கல்லீரல் உடைத்துவிடும். ஊசி போடலாம் என்றால் குழந்தை பயப்படுவதே ஊசிக்குத்தான். மூக்கின் உள்தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. மருந்து அங்கிருந்து நேராக ரத்தத்துக்குப் போய்விடும். உங்கள் அத்தை சொல்வது பாதி உண்மைதான், அமைதிப்படுத்தும் மருந்து எதுவானாலும் வேலை செய்யும் இடம் மூளைதான். வாயில் கொடுத்தாலும், ஊசியில் போட்டாலும், மூக்கில் அடித்தாலும் கடைசியில் அங்கேதான் போகும். போய், சில மணி நேரத்தில் உடைந்து வெளியேறிவிடும். ஒரே ஒரு தடவை கொடுப்பதால் பழக்கம் ஆகாது என்று அண்ணனிடமும் சொல்லுங்கள். இது இன்றைக்கு நேற்று வந்த முறையும் இல்லை. மிடசோலத்தை மூக்கு வழியாகச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-லேயே மயக்கவியல் பத்திரிகையில் வந்துவிட்டது. 2008-இல் ஹாங்காங் டாக்டர்கள், மூக்கில் விடும் டெக்ஸ்மெடடோமிடின் என்ற இன்னொரு அமைதிப்படுத்தும் மருந்தையும் வாயில் கொடுக்கும் மிடசோலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்கப்புறம் உலகம் முழுக்க நிறையப் பேர் செய்துவிட்டார்கள். டெக்ஸ்மெடடோமிடினை நாங்கள் பேச்சில் டெக்ஸ் என்போம்.

உங்கள் டாக்டர் "மடியிலேயே தூங்கிடுவான்" என்று சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் நினைத்திருப்பது டெக்ஸாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் குணம் வேறு. தாராபுரம் அப்பா எழுதியது மிடசோலத்தை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. 10, 15 நிமிடத்தில் வேலை செய்யும், தூங்க வைப்பதை விடப் பயத்தை எடுத்துவிடும், நடந்ததை மறக்க வைக்கும். அது அமிலத்தன்மை உள்ள திரவம் என்பதால் எரியும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பிடித்து, முன்பை விட அதிகமாக அழுது ஆர்ப்பாட்டம் செய்வதும் உண்டு. டெக்ஸ் எரியாது. சாதாரணத் தூக்கம் மாதிரியே தூங்க வைக்கும், மூச்சை அவ்வளவாகக் குறைக்காது. மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் கண்ணைத் திறந்துகொண்டே யாரையும் அடையாளம் தெரியாமல் கத்துவார்கள், அதையும் குறைக்கும். ஆனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கும், அதனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு யோசித்துத்தான் கொடுப்போம். இன்னொன்று, அது மெதுவான மருந்து. அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேண்டும். கெட்டமின் என்ற மூன்றாவது மருந்தையும் மூக்கில் விடலாம், எச்சில் அதிகம் ஊறும், வேறு சில தொந்தரவுகளும் உண்டு. நான் அதைத் தனியாக அதிகம் தருவதில்லை.

இந்த முக்கால் மணி நேரம் என்பதில்தான் காரியம் கெடுகிறது. நான் பார்த்தவரையில், "மூக்கு மருந்து வேலை செய்யலீங்க" என்று சொல்லப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மருந்து வேலை செய்யாமல் இல்லை, வேலை செய்ய நேரம் கொடுக்கவில்லை. முதல் கேஸ் சீக்கிரம் முடிந்துவிட்டது, அடுத்தது நீங்கதான், வாங்க வாங்க என்று பத்தாவது நிமிடத்தில் தூக்கினால் குழந்தை முழு விழிப்பில் அலறும். இது எங்கள் பக்கத்துத் தவறு. நான் இளம் டாக்டராக இருந்தபோது அப்படி அவசரப்பட்டு ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. பொத்தான் கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் கடிகாரம் பார்க்காமல் ஒரு குழந்தையையும் நகர்த்தியதில்லை. அதனால் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு அடிப்பீங்க, எத்தனை மணிக்கு உள்ளே கூட்டிட்டுப் போவீங்க?" என்பதுதான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

எவ்வளவு மருந்து என்று தெரிந்தால் பயம் குறையும். டெக்ஸ் ஒரு மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் கொடுப்பது வழக்கம். 16 கிலோவுக்கு 2 என்று போட்டாலும் 32 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிக்குக் கொஞ்சம் மேலே. அதையும் இரண்டாகப் பிரித்து இரண்டு மூக்கிலும் அடிப்போம், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு சொட்டுதான் வரும். சிரிஞ்ச் முனையில் பஞ்சு மாதிரி மெத்தென்ற கூம்பு ஒன்று மாட்டி வேகமாக அழுத்தினால் திரவம் பனிப்புகை மாதிரி ஆகி உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூம்பு இல்லாத இடங்களில் ஊசி கழற்றிய சின்ன சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், அதுவும் சரிதான். அளவு அதிகமானால் தொண்டைக்குள் வழிந்துவிடும். மிடசோலத்தில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ளதும் வருகிறது, 5 மில்லிகிராம் உள்ளதும் வருகிறது. கெட்டியானதைப் பயன்படுத்தினால் அரை மில்லி சொச்சத்தில் முடியும். நீர்த்ததை எடுத்தால் மூன்று மில்லியை மூக்கில் ஊற்றவேண்டி வரும், குழந்தைக்கு மூச்சுமுட்டி இருமல் வந்துவிடும்.

மூச்சைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்து அடித்ததிலிருந்து விரலிலோ கால் கட்டைவிரலிலோ நாடியையும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் காட்டும், சிவப்பு வெளிச்சம் எரியும் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். ஆக்சிஜனும் மாஸ்க்கும் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பயிற்சி உள்ள ஒருவர் கூடவே இருக்கவேண்டும். இவை இருந்தால் பயப்பட வேண்டாம். இல்லையென்றால் அந்த இடத்தில் மருந்தே கொடுக்கக் கூடாது. தூக்கத்தில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தை என்றால் கட்டாயம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். டான்சில் குழந்தைகள் பலருக்கு அப்படி இருக்கும், அவர்களுக்கு மருந்தின் அளவையே மாற்றுவோம், சிலருக்குத் தரவே மாட்டோம்.

சளியும் முக்கியம். மூக்கு ஒழுகினால் மருந்து உள்தோலில் படாமல் சளியோடு வந்துவிடும். அதை விடப் பெரிய விஷயம், சளி பிடித்த குழந்தைக்கு மயக்கம் கொடுத்தால் தொண்டை இறுகிக்கொள்ளும் ஆபத்து அதிகம். உங்களுடையது அவசர ஆபரேஷன் இல்லை, சில வாரம் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லீவு போட்டாச்சு, நாள் பார்த்தாச்சு என்று சளியை மறைத்துக் கொண்டுவந்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: காத்திருக்கும் நாட்களில் வீக்கம் கெட்டியாகி, படுத்தாலும் உள்ளே போகாமல், குழந்தை வாந்தி எடுத்து அழுதால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

அப்புறம், தூங்க ஆரம்பித்ததும் ஒருவரும் பேசக் கூடாது. ஆத்தாவோ அம்முச்சியோ குனிந்து, "சாமி, தூங்கிட்டயா?" என்று கன்னத்தைத் தட்டுவார்கள். டெக்ஸ் தூக்கம் தட்டினால் கலையும். விளக்கைக் குறைத்து, போனைச் சைலன்ட்டில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

பல்லடம் தறிக்காரர்:

டாக்டர் சார், ஒரு சந்தேகம்ங்க. என் தங்கச்சி பையனுக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும். அதற்கு மிடசோலம் மூக்கு ஸ்பிரே வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அதே மருந்துதானே இது? அவனுக்குப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது, ஆஸ்பத்திரி என்றாலே அழுகை. கிளம்பும்போது ஒரு தடவை அடித்துக் கூட்டிக்கொண்டு போனால் ஆகாதா?

மயக்கவியல் ஈரோடு:

அதே மருந்துதான், ஆனால் தயவுசெய்து வேண்டாம்ங்க. வலிப்பு வரும்போது ஒரு ஆபத்தை நிறுத்த அதைக் கொடுக்கிறோம், அங்கே நியாயம் வேறு. சும்மா இருக்கும் குழந்தைக்கு அடித்து, காரில் உட்கார வைத்து, தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும். நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பின் சீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போகலாம். ஏற்கெனவே வேறு வலிப்பு மருந்து சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து மயக்கம் ஆழமாகும். பல் டாக்டரிடம் வலிப்பு விஷயத்தையும் பயத்தையும் சொல்லி, மயக்க டாக்டர் இருக்கிற இடத்தில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

பெருந்துறை சிஸ்டர்:

தியேட்டர் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வீட்டில் செய்யவேண்டியதைச் சொல்கிறேன் கண்ணு.

நாலரை வயதுக் குழந்தையிடம் ஒரு வாரம் முன்னாடியே சொன்னால் ஒரு வாரம் பயப்படும். செவ்வாய், புதனில் சொன்னால் போதும். பொய் மட்டும் சொல்லாதே. "ஊசியே போட மாட்டாங்க" என்றும் சொல்லாதே, கையில் ட்ரிப்ஸ் குழாயோடு கண் விழிக்கும்போது பார்த்துவிடுவான். வீட்டில் இருக்கிற ஆவி பிடிக்கும் மாஸ்க்கை எடுத்து அவன் பொம்மைக்கு வைத்து விளையாடச் சொல்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு அரைஞாண் கொடியைக் கழற்றியே ஆகவேண்டும். இதை ஒருவரும் முன்னாடி சொல்வதில்லை. தியேட்டர் வாசலில் கத்திரியோடு நாங்கள் வருவோம், பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடப்பதை வெட்டும்போது குழந்தை கதறும், பாட்டிமார்களும் அழுவார்கள். மூக்கு மருந்தால் வந்த அமைதி அந்த ஒரு வெட்டில் போய்விடும். முந்தின நாளே வீட்டில், அவனுக்குப் பிடித்தவர் கையால் கழற்றிவிடுங்கள். கழுத்துத் தாயத்து, விரலில் நகப்பூச்சு இருந்தால் அதையும்.

சாப்பாடு: ஆறு மணி நேரம் முன்னாடி வரைதான் இட்லியும் பாலும். பால் தண்ணி இல்லை, சாப்பாட்டுக் கணக்கு. வெறும் தண்ணி இரண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் பொதுவாகத் தரலாம், உங்கள் ஆஸ்பத்திரியில் சொல்கிற நேரத்தை எழுதி அடுப்படியில் ஒட்டி வை. "பச்சப் புள்ள, வயிறு காயுது" என்று அரை டம்ளர் பால் கொடுத்துவிட்டு எங்களிடம் சொல்லாமல் இருந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். குழந்தைக்கு மாஸ்க் வைத்தபோது வாந்தி வந்தது. நல்லவேளை, டாக்டர் உடனே திருப்பிப் படுக்க வைத்துக் காப்பாற்றினார்.

உன்னை உள்ளே விடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள். அம்மா கூட வந்தாலே குழந்தை அமைதியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தது வேறு. அம்மா நடுங்கினால் மடியில் இருக்கும் குழந்தைக்கு அது முதலில் தெரியும். மருந்து அடிக்கும்போதும் தூங்கும் வரைக்கும் நீ இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். தூங்கியபின் உள்ளே போவதும் போகாததும் அவர்கள் இஷ்டம்.

தடப்பள்ளி அம்மா:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னாடி மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. உறம்பரையில் ஒருவர், "லேசான சளிதானே, சொல்லாதீங்க" என்றார். டாக்டர் இங்கே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்தது. பையன் நன்றாக இருக்கிறான்.

திங்கட்கிழமை பொழுதோட அப்புச்சி வந்து மடியில் உட்கார வைத்து வெள்ளிக் கொடியைக் கழற்றினார். "காயம் ஆறினதும் நானே கட்டிவிடறேன்" என்று சொல்லி அவன் கண் முன்னாலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிஸ்டர் அம்மா, இதை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தோன்றியே இருக்காது.

ராத்திரி படுத்துக்கொண்டு சொன்னேன். நாளைக்கு மூக்கில் புஸ் என்று அடிப்பாங்க, பனி மாதிரி ஈரமா இருக்கும், தொண்டையில் கொஞ்சம் கசக்கலாம், அப்புறம் தூக்கம் வரும் என்று. எரியுமா வலிக்குமா என்றெல்லாம் கேட்பான் என்று நினைத்திருந்தேன். அவன் கேட்டது, "என்னைப் பிடிச்சுக்குவாங்களா?" என்றுதான். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. "யாரும் பிடிக்க மாட்டாங்க, அம்மா மடியிலயே உட்கார்ந்துக்கலாம்" என்றேன். சொல்லிவிட்டு, அதை ஆஸ்பத்திரிக்காரர்கள் காப்பாற்ற வேண்டுமே என்று விடியும் வரை எனக்குத் தூக்கமில்லை.

காலையில் மயக்க டாக்டரிடம் முதல் வேலையாக இதைச் சொன்னேன். எத்தனை மணிக்கு அடிப்பீங்க என்றும் கேட்டேன். 7.20-க்கு அடித்து, எட்டே கால் மணிக்கு மேல்தான் நகர்த்துவோம் என்றார். டெக்ஸ்தான். சிஸ்டர் சிரிஞ்சோடு வந்ததும் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டான். அந்தச் சிஸ்டர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவசரப்படவில்லை, பிடிக்கவும் இல்லை. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு, "எந்தப் பக்கம் முதல்ல?" என்று அவனையே கேட்டார். இடது பக்கம் தொட்டுக் காட்டினான். புஸ். மூக்கைச் சுருக்கினான். வலது பக்கம். முடிந்தது. அழவில்லை.

கால் கட்டைவிரலில் கிளிப் மாட்டினார்கள். போனில் ஜேசிபி குழி தோண்டும் வீடியோ போட்டு, சத்தத்தை எடுத்துவிட்டேன். இருபது நிமிடம் வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யவில்லையோ என்று எனக்குள் பதறியது, டாக்டர் எழுதியதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அப்புறம் திரையைத் தொட்டுக்கொண்டிருந்த விரல் நின்றது. வாய் லேசாகத் திறந்தது. எட்டு மணிக்கெல்லாம் தலை என் முழங்கையில் கனத்துவிட்டது. நாடி 110-க்குப் பக்கத்தில் இருந்தது 86-க்கு வந்தது, அதைப் பார்த்து நான் பயந்தபோது சிஸ்டர் தூக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று தலையசைத்தார்.

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது விரிப்பின் குளிர் பட்டுக் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். நான் குனிந்து நெற்றியில் கை வைத்தேன், ஒன்றும் பேசவில்லை. மறுபடி மூடிக்கொண்டான். தரையில் போட்டிருந்த சிவப்புக் கோடு வரைக்கும் கூடப் போனேன். கதவு மூடியது. உள்ளே சத்தமே இல்லை. அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன், சத்தம் வருமா என்று.

ஒன்பதரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். பதினொரு மணி வரைக்கும் தூங்கினான், அது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்குத் தோன்றியது, கிளிப்பைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எழுந்து தண்ணி கேட்டான், குடித்து ஒரு தடவை வாந்தி எடுத்தான். ஒரு மணிக்குப் பன்னைத் தண்ணியில் தொட்டுச் சாப்பிட்டான். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தாச்சு. அன்றைக்கு முழுக்க நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது, நடக்க விடாமல் தூக்கியே வைத்திருந்தோம். ராத்திரி ஒரு தடவை விழித்து, தையல் வலிக்குது என்றான், மருந்து கொடுத்ததும் தூங்கிவிட்டான். இன்றோடு ஆறு ராத்திரி ஆகிறது, படுக்கை நனையவில்லை.

தாராபுரம் அண்ணா, பாப்பாவின் காது விஷயத்தைப் பொதுவாக எங்கள் மயக்க டாக்டரிடம் கேட்டு வைத்தேன். காதுக் குழாய் வைப்பது பத்துப் பதினைந்து நிமிட வேலை, அதற்கு டெக்ஸ் கொடுத்தால் ஆபரேஷன் முடிந்த பிறகும் ரொம்ப நேரம் தூங்குவாள், அந்த நேரத்துக்குப் படுக்கையும் ஆளும் இருக்கிற ஆஸ்பத்திரியா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். மூக்கே வேண்டாம் என்று அவள் சொன்னால், வாயில் கொடுப்பதையும் பேசிப் பார்க்கலாமாம். மூக்கில் எரிந்ததையும் நீங்கள் சொன்ன வார்த்தையையும் அவளை வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார்.